நிறுத்தி வைத்த காரில் கரண்டைக் குடிப்பது யார்?

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. அம்மாவுக்கு கண் ஆபரேஷன், ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும். பேஸ்மெண்ட்டுக்குப் போய் சாவியைத் திருப்பினா டக், டக், டக். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி நல்லா ஓட்டிட்டு வந்து நிறுத்தின கார். பேட்டரி மாத்தி மூணே மாசம். "புது பேட்டரின்னு சொன்னியேடா"ன்னு அம்மா கேட்டாங்க. ஆட்டோ பிடிச்சுப் போனோம், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. அந்தக் கேள்வி மட்டும் மண்டைக்குள்ளேயே நின்னுடுச்சு.

ஏன்னா பழைய பேட்டரியும் இப்படித்தான் செத்துச்சு. "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க"ன்னாங்க, மாத்திட்டேன். மெமரி லீக் ஆகுற சர்வருக்கு ரேம் வாங்கிப் போட்ட மாதிரி. ஆபீஸ்ல இதைப் பண்ணியிருந்தா என்னைக் கிழிச்சிருப்பாங்க.

முதல்ல தெரிய வேண்டியது, பேட்டரி தானா காலியாகுதா, இல்ல வண்டி குடிக்குதா? இதுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பேட்டரியை சார்ஜர்ல போட்டு முழுசா ஏத்தினேன். அப்புறம் நெகட்டிவ் கேபிளைக் கழட்டி வெச்சுட்டு நாலு நாள் தொடவே இல்லை. அஞ்சாவது நாள் மல்டிமீட்டர்ல 12.6 வோல்ட். முழு சார்ஜுன்னா அதுதான் கணக்கு, 12.2 வந்தா ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போனா கிட்டத்தட்ட காலி. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் காட்டுச்சு, அதனால ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுது. ஆக பேட்டரி நிரபராதி. வண்டிதான் குடிக்குது.

எவ்வளவு குடிக்குது? பேட்டரியோட நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவில மீட்டரை ஆம்பியர் மோடில் மாட்டணும். சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையில செருகுங்க. மீட்டர் மாட்டியிருக்கும்போது தப்பித் தவறிக்கூட ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும், மீட்டரோட ஃபியூஸ் அந்த செகண்டே காலி. கிளாம்ப் மீட்டர் வாங்குறவங்க டிசி கரண்ட் அளக்குமான்னு கேட்டு வாங்குங்க. விலை குறைஞ்சது நிறைய ஏசி மட்டும்தான் அளக்கும்.

மாட்டினதும் 1.8 ஆம்பியர். நான் பதறிட்டேன். பதற வேண்டியதே இல்லை. கதவைத் திறந்தாலே காருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் எழுந்துடும். அது தூங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். நம்ம ஊர்ல சொல்ற ஹைசன்பக் இதுதான்: பார்க்கப் போனாலே நடத்தை மாறிடும். அதனால டிரைவர் கதவைத் திறந்து வெச்சுட்டு, அதோட லாட்சை மட்டும் ஸ்க்ரூடிரைவரால அமுக்கி மூடினேன். கதவு சாத்தியிருக்குன்னு கார் நினைச்சுக்கும். (வேலை முடிஞ்சதும் லாட்சைத் திரும்பத் திறக்காம கதவை அடிச்சு சாத்திடாதீங்க. நான் சாத்தினேன்.) சாவியை வீட்டுல வெச்சுட்டு, டீ குடிச்சுட்டு வந்தேன்.

0.34 ஆம்பியர். நல்ல நிலையில இருக்கிற காருக்கு 0.05-க்குள்ள இருக்கணும். என் பேட்டரி 35 ஆம்பியர் ஹவர். வெள்ளி ராத்திரி ஒன்பதுல இருந்து செவ்வாய் காலை ஆறு வரைக்கும் 81 மணி நேரம். பெருக்கிப் பாருங்க, 27.5. முக்கால்வாசிக்கு மேல போயிடுச்சு, அப்புறம் எப்படி ஸ்டார்ட் ஆகும்? தினமும் ஆபீஸுக்கு ஓட்டினப்போ இது தெரியவே இல்லை, போற வழியிலேயே ஏறிடும். வீட்டுல இருந்து வேலை பார்க்க ஆரம்பிச்ச பிறகுதான் குட்டு உடைஞ்சது.

இனி எந்த சர்க்யூட்னு பிடிக்கணும். எல்லாரும் ஃபியூஸை ஒண்ணொண்ணா பிடுங்கச் சொல்வாங்க. பிடுங்கித் திரும்பப் போட்டா தூங்கினது முழிச்சுக்கும், மறுபடி அரை மணி நேரம் காத்திருப்பு. அதுக்குப் பதில், ஒவ்வொரு ஃபியூஸோட தலையிலயும் ரெண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்ல வெச்சு அந்த ரெண்டையும் தொடுங்க. கரண்ட் ஓடாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். வரிசையா பூஜ்யம், பூஜ்யம்னு வந்து, ஆடியோன்னு எழுதியிருந்த ஃபியூஸ்ல ஒன்றரை மில்லிவோல்ட்.

நான் முதல்ல சந்தேகப்பட்டது டேஷ்கேமை. அது பாவம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஆக்சஸரீஸ் கடையில மாட்டின ஆண்ட்ராய்டு பிளேயர்தான் குற்றவாளி. அதுக்கு ரெண்டு பவர் வயர் வரும். மஞ்சள் நேரா பேட்டரியில இருந்து, செட்டிங்ஸை ஞாபகம் வெச்சுக்க. சிவப்பு சாவியைத் திருப்பினா மட்டும். மாட்டினவர் ரெண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்தியிருந்தார். சாவி எப்பவும் ஆன்ல இருக்குன்னே அது நம்பிட்டு இருந்திருக்கு. ஸ்க்ரீனை அணைச்சாலும் உள்ளே ஆண்ட்ராய்டு முழிச்சே இருந்திருக்கு, ரெண்டு வருஷமா.

சிவப்பைப் பிரிச்சு சரியான இடத்துல கொடுத்ததும் 0.02. செலவு, ஒரு டேப்.

ஒருவேளை எந்த ஃபியூஸும் எதுவும் காட்டலைன்னா ஆல்டர்னேட்டரைப் பாருங்க. அதுக்குள்ள டயோடு பழுதானா கரண்ட் அது வழியா திரும்ப ஓடும். அந்த தடித்த வயர் உள்ளே இருக்கிற ஃபியூஸ் பாக்ஸ் பக்கமே வராது. அதை எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுடுங்க.

எனக்கு இன்னும் ஒரு வருத்தம் இருக்கு. லெட் ஆசிட் பேட்டரி அடியோட காலியாகி அப்படியே கிடந்தா தகட்டுல சல்பேட் இறுகிடும், இழந்த கொள்ளளவு முழுசா திரும்பாது. அதனால இந்தப் புது பேட்டரியும் கொஞ்சம் அடிபட்டதுதான். இப்ப வாரம் ஒரு தடவை, காலையில கார் கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே வோல்டேஜ் பார்க்கிறேன். நேத்து 12.5.