தோண்டாத நிலமும் மலிவான வாடகையும்

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. தடை செய்யப்பட்ட கடற்பகுதிகளைத் திறந்துவிட்டால் விலை இறங்கும் என்றனர் அமெரிக்காவின் குடியரசுக் கட்சியினர். நிர்வாகத் தடையை அதிபர் புஷ் அந்த மாதமே விலக்கினார். ஏற்கெனவே குத்தகைக்கு எடுத்த 6.8 கோடி ஏக்கரில் உற்பத்தியே இல்லையே, முதலில் அங்கே தோண்டுங்கள் என்றனர் ஜனநாயகக் கட்சியினர். 'தோண்டு, இல்லையேல் விடு' என்ற அவர்களது மசோதா, பிரதிநிதிகள் சபையில் 223-195 என்று பெரும்பான்மை பெற்றும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காததால் தோற்றது. விலை ஏறும்போதெல்லாம் இந்தச் சண்டை மீண்டும் கிளம்புகிறது. இரு தரப்பும் நிலத்தின் அளவைப் பேசுகின்றன. பேச வேண்டியது வாடகையை.

கணக்கைப் பாருங்கள். தரைப்பகுதியில் அரசு நிலக் குத்தகையின் காலம் 10 ஆண்டு. 2022 வரை ஏலத்தில் குறைந்தபட்சக் கேட்பு ஏக்கருக்கு 2 டாலர். ஆண்டு வாடகை முதல் 5 ஆண்டுக்கு 1.50 டாலர், அதன்பின் 2 டாலர். ஆக, 1,000 ஏக்கரைப் பத்தாண்டு சும்மா வைத்திருக்க 19,500 டாலர் போதும். எண்ணெய் நிறுவனத்துக்கு இது செலவே அல்ல. தோண்டுவதா, விலை ஏறும்வரை காத்திருப்பதா என்று சாவகாசமாக முடிவெடுக்கலாம். குத்தகைக்குப் போன 2.6 கோடி ஏக்கர் தரைநிலத்தில் 53 சதவீதம் பயன்படுத்தப்படவில்லை என்று அமெரிக்க உள்துறையின் 2021 அறிக்கை சொன்னதில் வியப்பில்லை.

தோண்டாத நிலமெல்லாம் பதுக்கிய நிலமா என்று நிறுவனங்கள் கேட்பது நியாயமே. நில அதிர்வு ஆய்வு, அனுமதி, வழக்கு, குழாய்ப்பாதை என்று ஆண்டுகள் ஓடும். ஆய்வுக்குப் பின் எண்ணெயே இல்லை என்றும் தெரியவரலாம். ஆகவே 6.8 கோடி ஏக்கரை அப்படியே பீப்பாய்களாக மாற்றிக் கணக்கிடுவது தவறு. ஆனால் 'பத்தாண்டில் குத்தகை தானே காலாவதியாகிவிடுமே' என்ற அவர்களது அடுத்த வாதம் முழு உண்மையல்ல. லாபகரமாக ஓடும் ஒரு கிணறு இருந்தால் குத்தகை தொடரும். இடைநிறுத்த உத்தரவு கிடைத்தால் காலக்கெடு ஓடாமல் நிற்கும்.

புது நிலம் திறந்தால் விலை இறங்கும் என்ற வாதத்துக்கும் சான்று மெலிவு. 2008 டிசம்பரில் விலை 40 டாலருக்கும் கீழே விழுந்தது. காரணம் பொருளாதார வீழ்ச்சி, புதுக் கிணறு அல்ல. அன்று நாளொன்றுக்குச் சுமார் 50 லட்சம் பீப்பாயாக இருந்த அமெரிக்க உற்பத்தி, 2023இல் 1.29 கோடியை எட்டியதற்குப் பெரும்பாலும் காரணம் டெக்சாஸ் போன்ற மாநிலங்களின் தனியார் நிலங்களில் கிடைத்த ஷேல் எண்ணெய். பல்லாண்டு போராடித் திறந்த அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்துக்கோ, 2021 ஏலத்தில் பெரிய எண்ணெய் நிறுவனம் எதுவும் வரவில்லை. 2025 ஜனவரி ஏலத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

2022இல் வந்த சட்டம் சரியான இடத்தில் கைவைத்தது. குறைந்தபட்சக் கேட்பை 10 டாலராக்கி, வாடகையை 3 டாலரில் தொடங்கி கடைசி இரண்டு ஆண்டில் 15 டாலருக்கு ஏற்றியது. அதே 1,000 ஏக்கருக்கு இப்போது 76,000 டாலர். நிறுவனங்களை முடக்கும் தொகையல்ல. வேண்டாத நிலத்தைத் திருப்பிக் கொடுக்க யோசிக்கவைக்கும் தொகை. அடுத்த முறை இந்தச் சண்டை கிளம்பும்போது, எத்தனை ஏக்கர் என்பதை விட்டு, ஏக்கருக்கு எவ்வளவு வாடகை என்று கேளுங்கள்.