தண்ணி ஊத்தியும் ஏன் செத்துச்சு கற்றாழை?

மே மாதம், மதியம் இரண்டு மணி. மன்னார்புரத்தில் ஒரு மொட்டை மாடி. அக்னி நட்சத்திர நாட்களில் திருச்சி வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்; செருப்பில்லாமல் தரையில் கால் வைக்க முடியாது. அந்த மாடியில் வரிசையாக ஐந்து தொட்டிகள்: துளசி, செம்பருத்தி, கற்பூரவல்லி, மணி பிளாண்ட், சோற்றுக்கற்றாழை. தினமும் காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு தண்ணீர். ஐந்துக்கும் ஒரே அளவுதான், ஓரவஞ்சனையே கிடையாது.

கொஞ்ச நாளில் கற்றாழை அடியில் அழுகிச் சாய்ந்தது. மணி பிளாண்ட் இலைகள் தீய்ந்து போயின. துளசியும் செம்பருத்தியும் மட்டும் ஜம்மென்று நின்றன. அப்போது நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். "தினமும் தண்ணி ஊத்தினேனே, அப்புறம் ஏன் செத்துச்சு?" என்று கீழ்வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "ஊத்தினதாலதான் செத்துச்சு, கண்ணு" என்றார்.

பாட்டி சொன்னது சரி. வேரும் சுவாசிக்கும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று இருக்கிறது. அதிலிருந்துதான் வேர் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. தொட்டியில் தண்ணீர் தேங்கினால் அந்த இடைவெளிகள் நிரம்பிவிடும். வேருக்கு மூச்சு முட்டும், பிறகு பூஞ்சை பிடித்து அழுகும். மேலே இலை வாடியிருப்பதைப் பார்த்து நாம் 'ஐயோ, தாகம் போல' என்று இன்னொரு சொம்பு ஊற்றுவோம். கதை முடிந்தது.

கற்றாழைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்ஸைடை உள்ளே இழுக்கும். அதே துளை வழியாகத் தண்ணீரும் ஆவியாகிப் போகும். கற்றாழையோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து வாயுவைப் பிடித்து, அமிலமாகச் சேமித்து வைக்கிறது. மறுநாள் வெயிலில் அதைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. நம்ம காந்தி மார்க்கெட்டில் ராத்திரியில் லாரியிலிருந்து சரக்கு இறங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இப்படி ஆவியாகிற தண்ணீரை மிச்சம் பிடித்து, சதைப்பிடிப்பான இலைக்குள் சேமித்து வைத்திருக்கிற செடிக்குத் தினமும் இரண்டு சொம்பு எதற்கு?

சரி, இங்கே ஒரு கேள்வி வரணும். "அப்படின்னா நெல்லு? அது தண்ணியிலதானே நிக்குது?"

நல்ல கேள்வி. நெற்பயிரின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்று போகிற குழாய்கள் இருக்கின்றன. இலை வழியாக வரும் காற்று அவற்றின் வழியே வேர் வரை இறங்குகிறது. தாமரைத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், வட்ட வட்டமான ஓட்டைகள் தெரியும். அதுவும் காற்றுக் குழாய்தான். உய்யக்கொண்டான் வாய்க்காலில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையின் காம்பு பஞ்சு மாதிரி உப்பியிருக்கும். உள்ளே முழுக்கக் காற்று, அதனால்தான் மிதக்கிறது. தாமரை இலை நீர்மேல் கிடப்பதால் அதன் இலைத்துளைகள் மேல்பக்கத்தில்தான் இருக்கின்றன.

சிறுசெடி, புதர்ச்செடி, மரம், கொடி என்று வகைகளைப் பள்ளியில் படிக்கிறோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஒவ்வொரு வகையும் வெளிச்சத்தையும் தண்ணீரையும் ஒவ்வொரு விதமாகத் தேடுகிறது என்று புரிந்தால்தான் தொட்டியில் செடி பிழைக்கும். கொடியை எடுத்துக்கொள்வோம். அது தடித்த தண்டு கட்டுவதில் சத்தைச் செலவழிக்காது. வேகமாக நீண்டு, பக்கத்தில் இருப்பதைப் பிடித்து வெளிச்சத்துக்கு ஏறும். பாகலுக்குப் பற்றுக்கம்பி உண்டு, அவரை தண்டையே சுற்றிக்கொள்ளும். மணி பிளாண்ட் தண்டிலிருந்து வேர் விட்டு ஒட்டிக்கொண்டு, பெரிய மரங்களின் நிழலில் ஏறிப் பழகிய கொடி. அதைக் கொண்டுபோய் மன்னார்புரம் மாடி வெயிலில் வைத்தது என் தப்பு. வீட்டுக்குள் ஜன்னல் ஓரம்தான் அதற்குச் சரியான இடம்.

மத்தியப் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் காட்சி மாறும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தீவில் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண். வாழைக்குத் தோதான இடம். 'வாழை மரம்' என்று சொன்னாலும் அது மரமே இல்லை. நாம் தண்டு என்று நினைப்பது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்ட இலைகளின் அடிப்பகுதி. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. கட்டையே இல்லாத இந்த ராட்சதச் சிறுசெடிக்கு அகலமான இலைகள், ஆனால் வேர் ஆழமாகப் போகாது. அதனால் அடிக்கடி தண்ணீர் வேண்டும், அதே நேரம் தேங்கவும் கூடாது. வயல்களில் வாழை வரிசைகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டி விடுவது நீரை வடிக்கத்தான். திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இயங்கிவருகிறது.

(திருச்சியில் 'கற்பூரவல்லி' என்றால் ஒருவர் சளிக்குக் கஷாயம் வைக்கிற இலையை நினைப்பார், இன்னொருவர் வாழைப்பழத்தை நினைப்பார். இரண்டும் வேறு வேறு.)

திருவானைக்காவல் கோயிலின் தலமரம் வெண்நாவல். நாவல் இனம் ஈரத்தைத் தாங்கக்கூடியது, ஆற்றங்கரைகளில் நன்றாக வளரும். ஆனால் மலைக்கோட்டை மாதிரிப் பாறை இடுக்கில் அதை எதிர்பார்க்க முடியாது. அங்கெல்லாம் அரசங்கன்றுதான் முளைக்கும். பறவை போட்ட விதை, ஒரு கைப்பிடி தூசி, விரிசலில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே அதற்குப் போதும்.

கைப்பிடி மண்ணில் எப்படி மரம் வளர்கிறது? செடி மண்ணைச் சாப்பிடுவதில்லை. பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் ஒரு தொட்டியில் வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை சுமார் 74 கிலோ கூடியிருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறக்குறைய 57 கிராம். அவர் இறந்த பிறகு 1648இல் இது நூலாக வெளிவந்தது. எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவுகட்டினார். அது பாதிதான் சரி. மரத்தின் உடம்பில் பெரும்பகுதி காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து வருகிறது. அந்த 57 கிராமுக்கும் வேலை இருக்கிறது: நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற தாதுச் சத்துகள் மண்ணிலிருந்துதான் கிடைக்கின்றன. அதனால் தொட்டிச் செடிக்கு அவ்வப்போது ஒரு கைப்பிடி மட்கிய எரு போடணும்.

விடுமுறையில் இதைச் செய்து பாருங்கள். தண்ணீர் ஊற்றும் முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். தொட்டிக்கு அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். செம்பருத்தி மதியம் துவண்டிருந்தால் உடனே சொம்பைத் தூக்காதீர்கள், சாயங்காலம் மறுபடி போய்ப் பாருங்கள். பல நாள் தானாகவே நிமிர்ந்திருக்கும். கற்றாழை அழுகிவிட்டதா? பக்கத்தில் முளைத்திருக்கும் குட்டியை எடுத்து, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, மணல் கலந்த மண்ணில் நடுங்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். என் இரண்டாவது கற்றாழை அப்படித்தான் பிழைத்தது.