காணிக் காகிதங்களில் கிடைக்கும் வம்சாவளி

1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போரில் அங்கிருந்த எல்லோரும் விடுதலையை விரும்பிவிடவில்லை. பிரிட்டிஷ் மன்னரின் பக்கம் நின்றவர்கள் அரச விசுவாசிகள் எனப்பட்டனர். மன்னர் தரப்பு தோற்றதும் வீடு வாசலை இழந்து பல்லாயிரம் பேர் இன்றைய கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் முன்னோரைத் தேடும்போது முதலில் புரட்டுவது நிலப் பதிவேடுகளை.

காரணம் எளிது. குடும்பத் தலைவருக்கு 100 ஏக்கர், குடும்பத்தில் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் 50 ஏக்கர் என்று 1783இல் அரசு நிலம் ஒதுக்கியது. படை அதிகாரிகளுக்குப் பதவிக்கேற்ப இன்னும் கூடுதலாகக் கிடைத்தது. 1789 நவம்பர் 9 அன்று ஆளுநர் டார்செஸ்டர் பிரபு இன்னொரு சலுகையையும் சேர்த்தார்: விசுவாசிகளின் மகன்கள் 21 வயதானதும், மகள்கள் 21 வயதானதும் அல்லது மணமானதும், ஆளுக்கு 200 ஏக்கர் பெறலாம்.

இந்த 200 ஏக்கர்தான் ஆய்வாளர்களுக்குப் புதையல். நிலம் வேண்டுமென்றால் இன்னாரின் பிள்ளை என்று நிரூபிக்க வேண்டும். எனவே ஒவ்வொருவரும் தந்தையின் பெயர், அவர் எங்கே குடியிருந்தார் என்பதையெல்லாம் எழுதி மனுக் கொடுத்தார்கள். மகளின் மனுவில் கணவர் பெயரும் இருக்கும். பொதுவாக எந்த வம்சாவளியிலும் பெண்வழிதான் முதலில் அறுந்துபோகும். இங்கே நில ஆசை அதைக் காப்பாற்றிவிட்டது. மேல் கனடா (இன்றைய ஒன்ராறியோ) நில மனுக்கள் எனப்படும் இந்தத் தொகுப்பு ஒட்டாவாவிலுள்ள கனடா நூலகம் மற்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

நிலம் கிடைத்த கதை அது. இழந்த கதை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பறிகொடுத்த சொத்துக்கு இழப்பீடு கேட்டவர்கள் பழைய வீடு, கால்நடை, தட்டுமுட்டுச் சாமான் வரை கணக்குக் காட்டியிருக்கிறார்கள். ஒரு குடும்பம் அமெரிக்காவில் எந்த ஊரில் இருந்தது என்பது பெரும்பாலும் இதில்தான் தெரியவரும்.

கறுப்பின விசுவாசிகளைத் தேட நில ஆவண வழி அதிகம் உதவாது. அடிமைத்தளையிலிருந்து விடுதலை தருவதாக பிரிட்டிஷ் தரப்பு தந்த வாக்குறுதியை நம்பி வந்த அவர்களில் பலருக்கு நிலமே கிடைக்கவில்லை, கிடைத்தவர்களுக்கும் சொற்பம்தான். ஆனால் 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய சுமார் 3,000 பேரின் பெயர், வயது, முன்னாள் எசமானர் ஆகியவற்றைப் பதிந்த ஏடு ஒன்று உண்டு. அடிமைப்பட்டிருந்தவர்களைப் பற்றி இவ்வளவு விவரம் தரும் ஆவணம் அந்தக் காலத்தில் அபூர்வம்.

தேடலைப் பின்னோக்கித்தான் நடத்த வேண்டும். ஒன்ராறியோவில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1869இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடு, உயில், கல்லறைக் கல், குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் எழுதிவைத்த பெயர்கள் ஆகியவையே துணை. ஒரே பெயரில் தந்தை, மகன், சித்தப்பா மகன் என மூவர் அடுத்தடுத்த காணிகளில் இருந்தது சகஜம் என்பதால், பெயர் பொருந்துவதை மட்டும் வைத்து முடிவுகட்டினால் வேறொருவரின் தாத்தாவைச் சொந்தம் கொண்டாட நேரிடும்.

நிலப் பட்டாவும் தனியே சான்றாகாது. 1790களில் இலவச நிலத்துக்காகவே அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அவர்கள் போரில் மன்னர் பக்கம் நின்றவர்கள் என்று கொள்ள முடியாது. அதனால்தான் 1914இல் சட்டப்படி நிறுவப்பட்ட விசுவாசி வழித்தோன்றல்கள் சங்கம், தலைமுறைக்குத் தலைமுறை ஆவணச் சான்று காட்டினால்தான் வம்சாவளிச் சான்றிதழ் தருகிறது.