லீவே போடாத ஊழியர் மேல் சந்தேகம் வரும், தெரியுமா?

வருடம் முழுக்க ஒரு நாள்கூட லீவு எடுக்காத ஊழியரைப் பார்த்தால் முதலாளி பூரித்துப்போவார். மோசடியைத் துப்பறிகிறவருக்கோ மூக்கில் வியர்க்கும்! கள்ளக்கணக்கு எழுதுகிறவர் தன் நாற்காலியில் இன்னொருவரை உட்கார விடமாட்டாரே! அதனால்தான் முக்கியப் பொறுப்பில் உள்ள வங்கி ஊழியர்களை ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 10 வேலை நாள் சேர்ந்தாற்போல் கட்டாய லீவில் அனுப்பச் சொல்கிறது ரிசர்வ் வங்கி. அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல், திடுதிப்பென்று!

பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரம் வெடித்ததுகூட ஆள் மாறியதால்தான், தெரியுமா? மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் உத்தரவாதக் கடிதங்கள் கொடுத்துவந்த அதிகாரி 2017-இல் ஓய்வு பெற்றுவிட்டார். 2018 ஜனவரியில் வைர வியாபாரி நீரவ் மோடியின் நிறுவனங்கள் மறுபடி கடிதம் கேட்டு வந்தன. முழுத்தொகைக்கும் ஈடு கட்டுங்கள் என்றார்கள் கிளையில். இதுவரை கட்டாமலேதானே வாங்கினோம் என்றார்கள் வந்தவர்கள். அவ்வளவுதான்! பழைய பதிவுகளைத் தேடினால், வங்கிக் கணக்கில் ஒன்றுமே இல்லை. மற்ற இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்கு, வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாகச் செய்தி மட்டும் பறந்திருக்கிறது. வங்கியின் சொந்தக் கணக்குக் கணினியான கோர் பேங்கிங்கில் ஏறவே இல்லை. தோண்டத் தோண்ட, தொகை 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது!

எண்களும் காட்டிக்கொடுக்கும், தெரியுமா? நிஜ வியாபாரத்தில் தானாகச் சேரும் தொகைகளில் சுமார் 30 சதவீதம் 1 என்ற இலக்கத்தில் தொடங்கும். 9-இல் தொடங்குபவை 5 சதவீதம்கூடத் தேறாது. இதற்கு பென்ஃபோர்டு விதி என்று பெயர். ஆனால் 1881-இலேயே இதைக் கவனித்தவர் சைமன் நியூகாம் என்ற வானியலாளர். மடக்கைப் புத்தகத்தில் முதல் பக்கங்கள் மட்டும் அதிகம் அழுக்காகியிருந்தது அவர் கண்ணில் பட்டது! பொய் பில் தயாரிக்கிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மனம்போன போக்கில் எண்களைத் தூவுவார். அல்லது 50,000-க்கு மேல் மேலதிகாரி கையெழுத்து வேண்டுமென்றால் 49,900, 49,850 என்றே எழுதித் தள்ளுவார். வரைபடம் போட்டால் அந்த இடம் மேடு தட்டி நிற்கும். இது சந்தேகம் கிளப்புமே தவிர சாட்சி ஆகாது. அதற்குப் பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு, சரக்கு வந்ததா என்று கிடங்குக்குத்தான் நடக்க வேண்டும்.

கிடங்கிலும் ஏமாறலாம்! பாலில் தண்ணீர் ஊற்றுவது நமக்குப் பழைய கதை. 1963-இல் அம்பலமான ஒரு மோசடியில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டினோ டி ஏஞ்சலிஸ் என்பவர் எண்ணெய்த் தொட்டிகளையே தண்ணீரால் நிரப்பினார். மேலே மிதந்தது மட்டும் சமையல் எண்ணெய். சோதிக்க வந்தவர்கள் மேலே பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். அந்தச் சரக்கை நம்பி வங்கிகள் கோடிக்கணக்கான டாலர் கடன் கொடுத்தன! மினிஸ்கிரைப் என்ற கம்பெனியோ ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள் செங்கல்லை வைத்து அனுப்பி, சரக்கு இருப்புக் கணக்கில் சேர்த்தது. செங்கல்!

நம் ஊர் மென்பொருள் கம்பெனி சத்யமும் சளைத்ததல்ல. நல்ல நிர்வாகத்துக்கு விருது வாங்கிய சில மாதங்களிலேயே, 2009 ஜனவரி 7 அன்று, கையிருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். ஆடிட்டர்கள் ஆண்டுதோறும் கையெழுத்திட்டு வந்த கணக்கு அது!

அப்படியானால் யார்தான் பிடிக்கிறார்கள்? மோசடி ஆய்வாளர்களின் உலகளாவிய சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 43 சதவீத மோசடிகள் யாரோ கொடுத்த தகவலால் வெளிவந்தவை. அந்தத் தகவல்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள் தந்தவை. வெளி ஆடிட்டர் கண்டுபிடித்தவை வெறும் 3 சதவீதம்!

பங்குச்சந்தையில் உள்ள ஒவ்வொரு கம்பெனியும் இப்படிப் புகார் சொல்ல ஒரு வழி வைத்திருக்க வேண்டும், சொன்னவரைப் பழிவாங்காமல் காக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம். விவரம் கம்பெனியின் இணையதளத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் கம்பெனி தளத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்!