கரட்டுமேட்டுக் கள்ளிமுளையான்

திருமங்கலத்தைச் சுற்றி விரிந்து கிடப்பது கரிசல். பருத்தியும் சோளமும் அந்த மண்ணின் பிள்ளைகள். கள்ளிமுளையானுக்கு அது ஆகாது. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் தலைதூக்கும் கரடுகளில், ஏர் இறங்காத சரளையிலும் பாறை வெடிப்பில் ஒதுங்கிய புழுதியிலும்தான் அது வேர்விடும். தண்ணீர் நின்றால் அழுகிப்போகும்.

இலை என்று சொல்ல ஒன்றுமில்லை. நாலு பட்டையாய்ச் சுண்டுவிரல் பருமனில் சாம்பல் பூத்த பச்சைத் தண்டு. மழை விழுந்ததும் நுனி மெலிந்து நீளும். அதில் ஐந்திதழ்ப் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். கருஞ்சிவப்பில் மஞ்சள் வரி, இதழோரத்தில் காற்றுக்கு நடுங்கும் பூனைமயிர். முகர்ந்தால் லேசான ஊன் வாடை. அந்த வாடைக்கு ஈக்கள் வந்தால்தான் மகரந்தம் இடம் மாறும். எருக்கின் குடும்பம் என்பதால், கொம்புபோல் ஜோடியாய் நிற்கும் காய் வெடித்தால் பஞ்சோடு விதை பறக்கும்.

ஆடு மேய்க்கப் போனவர்களுக்கு அன்று மத்தியானப் பசியையும் தாகத்தையும் அடக்கியது இதுதான். இளந்தண்டைக் கிள்ளி, பட்டையோரத்தைச் சீவி அப்படியே மெல்லுவார்கள். புளிப்பும் உப்பும் கசப்பும் கலந்து நாக்கில் நீர் ஊறும். மிச்சம் வீட்டுக்கு வரும். புளி, மிளகாய், உளுத்தம்பருப்பு வைத்து அரைத்த துவையல் வாய்க்கசப்புக்கும் பித்தத்துக்கும் நல்லது என்பார்கள். மேய்ப்பர்கள் நுனியைத்தான் எடுத்தார்கள், தூரைத் தொடவில்லை. கிள்ளிய இடத்தின் கீழே மறுபடி கிளைத்தது.

இன்று மெல்லுகிறவர்கள் வேறு. உடல் எடையைக் குறைக்கும் மாத்திரையாக இதன் சாறு உலகம் முழுக்க விற்கிறது. 2007-ல் வெளியான பெங்களூரு ஆய்வொன்றில் 50 பேருக்கு 60 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். பசி குறைந்தது, இடுப்புச் சுற்றளவு குறைந்தது. எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பசி அடங்கும் என்பது மேய்ப்பர்களுக்கு எப்போதோ தெரிந்த சங்கதி. ஆனால் சாக்குக் கணக்கில் வாங்கும் சந்தைக்கு நுனி போதாது. தூரோடு பிடுங்கினால் அந்த வெடிப்பு வெறும் வெடிப்புதான்.

பிடுங்குவதைவிடப் பெரிய கேடு கரடே போவது. ஜல்லிக்காகப் பாறை உடைபடுகிறது. அடிவாரச் சரளை மனையாகிறது. மிஞ்சிய இடத்தைச் சீமைக்கருவேலம் மூடிக்கொள்கிறது. ஆடுகளும் குறைந்தன. தின்றவர்கள்தான் இதைக் கண்காணித்தவர்களும். அவர்கள் கரடேறாமல் போனதால், செடி குறைந்தது பலருக்குத் தெரியவே இல்லை. தரிசு என்று எழுதிவைத்த நிலத்தில் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றதும் ஊரே திரண்டது. 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. திருமங்கலம் பக்கத்துக் கரடுகளுக்காக அப்படி யாரும் இன்னும் திரளவில்லை.

ஒடித்த தண்டைச் சில நாள் உலரவிட்டு மணலில் நட்டால் தொட்டியிலும் பிடிக்கும். அது போதாது, ஈயும் வெடிப்பும் மழையும் சேர்ந்த கரடு வேண்டும். 2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்கவேண்டும். எந்தக் கரட்டில், எந்தச் சரிவில் கள்ளிமுளையான் நிற்கிறது என்று அதில் ஏற்றவேண்டும்; இடம் காட்டத் தெரிந்த பழைய மேய்ப்பர்கள் இருக்கும்போதே ஏற்றவேண்டும்.