பழைய காருக்குச் சூடாற்றியும் விசிறியும்

சிராங்கூன் சாலைத் தேநீர்க் கடையில் தேநீர் ஆற்றுபவரை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். ஒரு குவளையை உயரத் தூக்கி, மற்றொன்றைத் தாழ்த்திப் பிடித்து, கொதிக்கும் தேநீரை நீண்ட இழையாக இழுக்கிறார். இரண்டு மூன்று இழுப்பில் அது நாக்குப் பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடுகிறது. குவளைக்குள் கிடந்தபோது காற்றுப் படும் பரப்பு உள்ளங்கையளவு. இழையாக நீண்டபோதோ அது பன்மடங்கு. மோட்டார் வண்டியின் முகப்பில் நிற்கும் ரேடியேட்டர் செய்வதும் இவ்வேலையே. எஞ்சினில் சூடேறிய நீரை மெல்லிய குழாய்களில் பிரித்துவிட்டு, அக்குழாய்களைச் சுற்றித் தகடுகளைப் பொருத்தி, காற்று தொடும் பரப்பைப் பெருக்குவதே அதன் தொழில்.

ஆங்கிலப் பெயருக்குக் கதிர்வீசுவது என்று பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் 'கதிர்வீசி' என்று எழுதினால், ஆங்கிலப் பெயரிலுள்ள பிழையும் தமிழுக்கு வந்துவிடும். அக்கருவியிலிருந்து கதிர்வீச்சாக வெளியேறும் வெப்பம் சிறு பங்கு; பெரும்பங்கைத் தகடுகளைத் தடவிச் செல்லும் காற்றே அள்ளிக்கொண்டு போகிறது. ஆற்றுதல் என்னும் நல்ல வினை நம்மிடம் இருக்கையில் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. இக்கட்டுரையில் அதைச் சூடாற்றி என்றே வழங்குவோம்.

சிங்கப்பூரில் கிளாசிக் வண்டித் திட்டத்தில் பதிவு பெற, வண்டிக்குக் குறைந்தது 35 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். அவ்வண்டியை ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம்; எஞ்சிய நாட்களில் அது கொட்டகையில் கிடக்கும். அத்தகைய மோரிஸ் மைனர் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்காவிலிருந்து கிராஞ்சிக்கு ஓட்டிச் செல்வதாகக் கொள்வோம். தேக்காச் சந்தையருகே தொடங்கும் புக்கிட் தீமா சாலையில் வடமேற்காகச் சென்றால், 1942 பிப்ரவரி 15இல் பிரித்தானியர் சரணடைந்த பழைய ஃபோர்டு தொழிற்சாலையைக் கடந்து, உட்லண்ட்ஸ் சாலை வழியே கிராஞ்சி போர் நினைவிடத்தை அடைந்துவிடலாம். அதிகாலைச் சாலை காலியாக இருக்கும். வெப்பமானியின் ஊசி நடுவிலேயே நிற்கும். தொல்லையெல்லாம் மாலையில் திரும்பும்போதுதான். ஞாயிறு மாலை நெரிசலில், விளக்குக்கு விளக்கு நின்று நகர்கையில், ஊசி மெல்ல மெல்ல ஏறுகிறது. பிறகு மூடியருகே ஆவி சீறுகிறது. அதற்குமேலும் ஓட்டினால் சிலிண்டர்த் தலை வளைந்துவிடும். நாற்பது ஐம்பது ஆண்டுப் பழைமையுள்ள தலைக்கு மாற்று எளிதில் கிடைப்பதில்லை.

இந்நிலையில் உரிமையாளர் பலரும் முதலில் செய்வது பெரிய சூடாற்றி ஒன்றை வாங்குவது. என் கருத்தில் பெரும்பாலும் அது வீண் செலவு. வண்டி எப்போது சூடாகிறது என்று பார்ப்பதே முதல் வேலை. வேகமாக ஓடும்போது சூடேறினால் குறை சூடாற்றியிலோ நீரோட்டத்திலோ இருக்கலாம். எரியூட்டும் நேரம் பிசகியிருந்தாலும் அவ்வாறே ஆகும். நின்றால் மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால், குறை விசிறியில். மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டிக்குச் சாலைக் காற்றே போதும், விசிறிக்கு வேலையில்லை. நிற்கும் வண்டிக்கோ விசிறியைத் தவிர வேறு துணை இல்லை. நம் மோரிசின் நோய் இரண்டாம் வகை.

நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நீர் 90 பாகை செல்சியசில் இருக்க, இங்கிலாந்துக் காற்று 18 பாகை என்று வைத்துக்கொண்டால் இடைவெளி 72. சிங்கப்பூரின் நண்பகல் 32 பாகையில் அது 58. வெப்பம் கைமாறுவது இவ்விடைவெளியின் அளவுக்கேற்பவே. ஆகவே அங்கே வேலை செய்த அதே சூடாற்றி இங்கே ஐந்தில் ஒரு பங்கு வலிமையை இழந்தே வேலை செய்கிறது.

இனி விசிறி. பழைய வண்டிகளில் அது பெல்ட் மூலம் எஞ்சினோடு சேர்ந்து சுழல்வது. எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது விசிறியும் மெதுவாகவே சுழலும். அதாவது, தேவை மிகுந்த வேளையில் சோம்பிக் கிடக்கும். தேவையற்ற வேகத்திலோ கடுமையாக உழைக்கும். சுழற்சி இரு மடங்கானால் விசிறி விழுங்கும் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது விதி. இதற்கு மலிவான மருந்து விசிறியைச் சுற்றிய தகட்டுக் கூடு. கூடில்லாத விசிறி, இதழ் நுனியைச் சுற்றித் திரும்பி வரும் காற்றையே மீண்டும் மீண்டும் கிளறுகிறது. தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியைத் தவிரச் சூடாற்றியின் மூலைகளுக்கு அதனால் பயனில்லை. கூடு போட்டால் முழு முகப்பின் வழியாகவும் காற்றை இழுக்கிறது. இதழ் நுனிக்கும் கூட்டுக்கும் இடையே ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். நாலு இதழ் விசிறிக்குப் பதிலாக ஆறு இதழ் விசிறி பொருந்துமாயின் அதையும் மாற்றலாம்.

மின்விசிறி எஞ்சினின் வேகத்தை எதிர்பாராது. அதுவே சிறந்த வழி என்று சொல்ல நாக்கு முந்துகிறது. ஆயின் டைனமோவை மறந்துவிடக்கூடாது. 1950களின் சிறு பிரித்தானிய வண்டிகளிலிருந்த டைனமோ உச்ச வேகத்தில் 22 ஆம்பியர் அளவே தரும். நின்ற இடத்தில் ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. 12 அங்குல மின்விசிறி 7 முதல் 10 ஆம்பியர் கேட்கும். இரவு, மழை, நெரிசல் மூன்றும் சேர்ந்தால் முகப்பு விளக்கு, மழைத் துடைப்பான், எரியூட்டும் சுருள், விசிறி அத்தனையும் பேட்டரியின் தலையில் விழும். வண்டி சூடாகாமல் தப்பும். மறுபடி கிளம்பாமல் நிற்கும்! மின்விசிறி வேண்டுமானால் ஆல்டர்னேட்டரும் வேண்டும். பழைய உறுப்புகள் மாறக்கூடாது என்பவர் கூட்டோடு நிறுத்திக்கொள்வதே முறை. விசிறியைச் சூடாற்றிக்குப் பின்னால், காற்றை இழுக்கும்படி வைத்தல் நன்று. முன்னால் வைத்தால் ஓடும்போது அதுவே காற்றை மறிக்கும். இன்னொன்று: அக்காலப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே வண்டியுடலோடு இணைந்திருக்கும். இதையறியாது இணைத்தால் மின்விசிறி எதிர்ப்புறம் சுழன்று காற்றை மாறி ஊதும்.

சூடாற்றியையும் மாற்றியே தீர வேண்டும் என்றால், தடிமனை நம்பாதீர்கள்; முகப்பின் பரப்பைப் பாருங்கள். நான்கு வரிசைக் குழாயில் முதல் வரிசைக்கே குளிர்ந்த காற்று. கடைசி வரிசைக்குக் கிடைப்பது கடைப்பந்திச் சோறு போல, முன்னவை சூடாக்கிவிட்டுப் போன மிச்சம். தகடுகளை மிக நெருக்கமாக வைத்தாலும் மெதுவாகச் சுழலும் விசிறியால் காற்றை இழுக்க இயலாது. 1948இல் வந்த முதல் மோரிஸ் மைனர் போல நீரேற்றும் பம்பு இல்லாத வண்டியாயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அங்கே சூடான நீர் இலேசாகி மேலெழுவதும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்குவதுமே நீரோட்டம். குறுகிய குழாய்கள் அதை அடைத்துவிடும்.

அலுமினியமா, செம்பா? வெப்பம் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வல்லது. ஆனால் செம்புச் சூடாற்றியில் தகடு செம்பு, குழாய் பித்தளை, இரண்டையும் பிணைப்பது ஈயப்பற்று. பித்தளையும் ஈயப்பற்றும் அவ்வளவு நன்றாகக் கடத்துவன அல்ல. அலுமினியத்தில் அகன்ற குழாய் அமைக்கலாம், எடையும் குறையும். ஆகவே ஆற்றும் திறனில் பெரிய வேறுபாடு காண்பது அரிது. கசிந்தால் பற்றவைத்துச் சரிசெய்ய எளிதானது செம்பும் பித்தளையுமே. பழைய வண்டிக்கு அதையே நான் விரும்புவேன்.

எதை வாங்குமுன்னும் உள்ளிருக்கும் நீரைப் பார்க்க வேண்டும். ஆண்டில் 320 நாள் அசையாது நிற்கும் இரும்பு எஞ்சினில் துரு படிந்து, சேறாகிப் பின் சிலிண்டரைச் சுற்றி அடைந்துவிடுகிறது. அச்சேற்றைக் கழுவாமல் புதிய சூடாற்றி பொருத்தினால், சில நாளில் அதன் குழாய்களும் அடைபடும். உறைபனி காணாத நம் ஊரில் கிளைக்கால் பாதி, நீர் பாதி என்று கலக்க வேண்டியதில்லை; அக்கலவை எடைக்கு எடை தனி நீரைவிட ஆறில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பம் சுமக்கும். வடித்த நீரும் துருத்தடுப்பு மருந்தும் போதும். மூடியையும் கவனிக்க. 7 பவுண்டு அழுத்த மூடியில் நீர் 111 பாகை வரை கொதிக்காது. மேலும் உயரட்டும் என்று 15 பவுண்டு மூடியைப் பழைய சூடாற்றியில் போட்டால் தையல் விட்டுப் போகும்.

எல்லாம் செய்த பின் வண்டியை நண்பகலில், விளக்குகளை எரியவிட்டு, நின்ற இடத்தில் இருபது நிமிடம் ஓடவிட்டு ஊசியைப் பாருங்கள். ஓரளவு ஏறி அங்கேயே நின்றால் சரி. ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்தி, கூட்டின் இடைவெளியையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் மறுபடி பாருங்கள். இச்சோதனையைப் பட்டறையில் வைத்துக்கொள்ளுங்கள். கிராஞ்சி நினைவிடத்து வாசலில் வேண்டாம். நிறுத்திய வண்டியில் எஞ்சினை வீணே ஓடவிடுவது சிங்கப்பூரில் தண்டனைக்குரியது.