ரேடியேட்டரை மாத்தணுமா? ஏசி கேஸை இறக்க வேண்டியதில்லை!

வார இறுதியில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுபவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சாலையோரம் பானெட் திறந்த கார், உள்ளிருந்து கிளம்பும் ஆவி, தண்ணீர் பாட்டிலோடு நிற்கும் ஓனர். சமவெளியில் மாதக்கணக்கில் வெளியே தெரியாத ரேடியேட்டர் கோளாறை மலை ஒரு மணி நேரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊர் திரும்பியதும் எழும் கேள்வி: இதை வீட்டிலேயே மாற்ற முடியுமா? ‘ஏசி கேஸை இறக்கி, திரும்ப ஏத்தணும்’ என்கிறார்களே, அது கட்டாயமா? பல கார்களில் கட்டாயமில்லை.

மலையில் மட்டும் ஏன் கொதிக்கிறது?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்றத்தில் சின்ன கியரில் என்ஜின் கடுமையாக உழைக்கும்; வேகம் குறைவதால் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் எதிர்க்காற்றும் குறையும். இதில் இன்னொரு சிக்கல்: அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். என்ஜினோ 90 டிகிரியை ஒட்டித்தான் ஓடும். அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரேடியேட்டர் மூடியும் கூலண்டும்தான் கொதிக்காமல் காப்பாற்றுகின்றன. சின்னக் கசிவு இருந்தாலும் அந்த அழுத்தம் நிற்காது.

எனவே மூடி, ஹோஸ், ஃபேன், தெர்மோஸ்டாட் நான்கையும் முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்து, ரேடியேட்டரே ஒழுகினால் அல்லது அடைத்துக்கொண்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

ஏசிக்கு இங்கே என்ன வேலை?

ரேடியேட்டருக்கு முன்னால், அதேபோன்ற தோற்றத்தில் இருப்பது ஏசியின் கண்டென்சர். அதற்குள் கேஸ் உயர் அழுத்தத்தில் இருக்கும். குழாயைக் கழற்றினால் அது சீறிக்கொண்டு வெளியேறும். தோலையும் கண்ணையும் உறைய வைத்துவிடும். பல கார்களில் உள்ள ஆர்-134ஏ கேஸ், கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது.

ஆகவே விதி ஒன்றுதான்: கண்டென்சரைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றலாம், அதன் குழாயைக் கழற்றக் கூடாது.

செய்முறை

1. என்ஜின் முழுவதும் ஆறட்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஃபேன் திடீரென்று சுற்றாது.

2. கீழே அகலமான தட்டு வைத்து கூலண்டை வடியுங்கள். மேல், கீழ் ஹோஸ்களைக் கழற்றி, ஃபேனின் வயர் சாக்கெட்டைப் பிரித்து, ஃபேனை வெளியே எடுங்கள்.

3. முக்கியமான கட்டம் இது. கண்டென்சரை ரேடியேட்டரோடு பிணைக்கும் போல்ட், கிளிப்களை மட்டும் விடுவியுங்கள். கண்டென்சர் தொங்கினால் அதன் அலுமினியக் குழாய் வளைந்து விரிசல் விடும். அதனால் முன்பக்க மேல் சட்டத்தோடு கயிறு அல்லது கேபிள் டையால் கட்டிவிடுங்கள்.

4. இரண்டுக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகுங்கள். மெல்லிய தகடுகள் நசுங்காது. இப்போது ரேடியேட்டரை நேராக மேலே தூக்குங்கள்.

5. பழையதன் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்களைப் புதியதற்கு மாற்றி, அதே வரிசையைத் திருப்பிச் செய்யுங்கள்.

6. கம்பெனி சொன்ன கூலண்டை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து என்ஜினை ஓட விடுங்கள். காற்றுக் குமிழி வெளியேறி, ஃபேன் ஒருமுறை சுற்றி நின்ற பிறகு, மீண்டும் முழுவதும் ஆறவிட்டு அளவைப் பாருங்கள்.

வெறும் தண்ணீர் போதாதா? போதாது. உள்ளே துருப்பிடிக்கும். குளிர்காலத்தில் உறைபனி இறங்கும் கொடைக்கானலில் தண்ணீர் உறையும் ஆபத்தும் உண்டு.

எப்போது கைவைக்கக் கூடாது?

சில கார்களில் கண்டென்சர் குழாயைக் கழற்றாமல் ரேடியேட்டர் வெளியே வராது. சில ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் ஆயில் குழாயும் ரேடியேட்டருக்குள் செல்லும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் அப்படிச் சொன்னால் ஒர்க்‌ஷாப்புக்கே போய்விடுங்கள். அங்கே கேஸைக் காற்றில் விடாமல் மெஷினில் சேகரிக்கிறார்களா என்று கேளுங்கள்.

பழைய கூலண்டை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கினாலும் குழந்தை குடித்தாலும் உயிருக்கு ஆபத்து. கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் தண்ணீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. மலையில் கொட்டியது மலையோடு நிற்காது. கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுப் பாருங்கள்.

வேலை முடிந்த அன்றே மலையேற வேண்டாம். இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டி, காலையில் காரின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏறும்போது டெம்பரேச்சர் முள் உயர்ந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரைப் போடுங்கள். அப்படியும் முள் இறங்காவிட்டால், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். கொதிக்கக் கொதிக்க ஓட்டினால் ரேடியேட்டர் செலவு என்ஜின் செலவாக மாறிவிடும்.